செவ்வாய்க்கிழமை எண்ணெய் வகுப்பு

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஒரு நீளமான அறை இருந்தது. கதவில் 'கஞ்சா மருத்துவப் பிரிவு' என்று எழுதி, அதன் கீழே யாரோ சிரிக்கும் இலை ஒன்றை வரைந்து வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே நோயாளிகளுக்கு வகுப்பு நடக்கும். வகுப்பில் உட்காராதவர்களுக்குக் கஞ்சா எண்ணெய்ப் புட்டி கிடையாது.

இப்போது நான் பாங்காக்கில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அதே மாதிரிப் புட்டிகள் வருகின்றன. கருவி ஒவ்வொன்றுக்கும் எண்களைத் தருகிறது. டி.எச்.சி. இவ்வளவு, சி.பி.டி. இவ்வளவு. நான் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அந்த அறையில் இவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களில் கூப்பிட இங்கே யாரும் இல்லை.

பெயர் வைத்தது சாலீ அத்தை. சந்தையில் மீன் விற்றவர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். சாப்பாடு வாயருகே வந்தாலே குமட்டல். தலையில் எப்போதும் பூப்போட்ட துண்டு.

வகுப்பெடுத்த மருந்தாளுநர் ஊம் அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வகுப்பில் அவர் கஞ்சாவில் உள்ள அந்த இரண்டு பொருள்களின் பெயர்களையும் பலகையில் எழுதி விளக்கினார். டி.எச்.சி. பசியைத் தூண்டும், தூக்கம் தரும், வலியை மறக்கடிக்கும், அளவு கூடினால் தலையைச் சுற்றும், நெஞ்சு படபடக்கும். சி.பி.டி. போதை தராது.

"இருங்க டீச்சர்" என்றார் சாலீ அத்தை. "முதல்ல சொன்னவன் எங்க வீட்டுக் கடைசித் தம்பி மாதிரி இருக்கான். சிரிக்க வைப்பான், சோறு கேப்பான், கொஞ்சம் இடம் கொடுத்தா வீட்டையே தலைகீழாக்குவான். ரெண்டாவது எங்க அக்கா. சத்தமே இருக்காது, தம்பி காதைப் பிடிச்சு உக்கார வைப்பா."

அன்றிலிருந்து அந்த அறையில் டி.எச்.சி. தம்பி, சி.பி.டி. அக்கா. ஒன்றுக்கு ஒன்று விகிதம் என்றால் தம்பிக்கு ஒரு அக்கா. வலிப்பு வரும் குழந்தைகளுக்கான புட்டியில் அக்காதான் மிக அதிகம் என்று டீச்சர் சொன்னபோது, "ஒரு பையனுக்கு இத்தனை அக்காவா? பாவம், மூச்சு விட முடியுமா?" என்றார் அத்தை. அக்கா தம்பியை அடக்குவாள் என்பது முழுக்கச் சரியில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வகுப்பில் முதல் மாணவர் என் அப்பா, தாவின். கால்வாய்க் கரையில் படகு நூடுல்ஸ் கடை வைத்திருந்தார், பன்றி எலும்புச் சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் கடை. நடுக்குவாதம் வந்து சில வருஷமாகியிருந்தது. வலது கை தானாக ஆடும். அதைவிட மோசம், தூக்கத்தில் கை கால்களை வீசுவார். அம்மா தரையில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்திருந்தாள். தூக்கமில்லாத இரவுக்கு மறுநாள் கால்கள் மரமாகிவிடும், பானையருகே நிற்க முடியாது.

எண்ணெய் வந்த பிறகு அது மாறியது. படுக்கும் முன் நாக்கின் அடியில் சில துளி. அப்பா தூங்கினார். அம்மா கட்டிலுக்குத் திரும்பினாள். காலையில் அவர் எலும்புகளைப் பானையில் இறக்கும் சத்தம் கேட்டு நான் கண் விழித்தேன். ரசாயனத்தில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த வருஷம் அது. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் வயிறு பசிக்கும்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. வகுப்பில் அவர் முன் பெஞ்சு. நான் பின்னால் சுவரோரம். நான் வாய் திறக்க மாட்டேன்.

"துளி ஒரு அளவே இல்லை" என்று டீச்சர் சொன்ன நாளில் அப்பா துள்ளிவிட்டார். "ஒரு கம்பெனி புட்டியில ஒரு துளியில இருக்கறது இன்னொண்ணுல மூணு துளியில இருக்கும். மில்லிகிராம்தான் கணக்கு" என்றார் டீச்சர்.

"அதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. "சமையல்ல ஒரு கைப்பிடின்னு சொல்லுவாங்க. யாரு கை? என் கையா, இந்த சாலீ கையா?"

"என் கையில மீன் நாத்தம்தான் அடிக்கும். உங்க கை ஆடுற ஆட்டத்துக்குப் பிடியில பாதி கீழே போயிடும் அண்ணே."

அப்பாதான் முதலில் சிரித்தார்.

மழைக்காலத்தில் அவர் விழ ஆரம்பித்தார்.

முதலில் குளியலறையில். பிறகு கடையில், மாலை கழுவி முடித்து முக்காலியிலிருந்து எழுந்தபோது. முகம் வெளுத்து, வியர்த்து, அப்படியே மடங்கி உட்கார்ந்தார். கன்னம் மேஜை விளிம்பில் பட்டுக் கிழிந்தது. டாக்டர் துளிகளைக் குறைத்தார். அடுத்த வாரம் மறுபடி தலைசுற்றல். மறுபடி குறைத்தார். நிற்கவில்லை.

டாக்டரின் பெயர் விட். இளைஞர், பொறுமையானவர். இரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார்.

"வேற எங்கேயாவது கஞ்சா எடுத்துக்கறீங்களா? புகை, டீ, வேற யாரோட எண்ணெய், ஏதாவது?"

"இல்லவே இல்லை டாக்டர்" என்றார் அப்பா. பொய் சொல்லும்போது அவர் காது மடலைத் தடவுவார். அன்று தடவவில்லை.

"அப்போ இது உங்களுக்கு ஒத்துக்கலை. இவ்வளவு கம்மி அளவுலயே இப்படின்னா என்னால தொடர முடியாது. அடுத்த செவ்வாய் பார்ப்போம். அதுக்குள்ள இன்னொரு தடவை தலை சுத்தினா நிறுத்திடறேன். இடுப்பு எலும்பு முறிஞ்சா அப்புறம் நடக்கவே முடியாது."

படகில் திரும்பினோம். வீட்டில் அம்மாதான் பேசினாள்.

"நிறுத்தட்டும். நான் மறுபடி தரையில படுத்துக்கறேன், உங்ககிட்ட உதை வாங்க எனக்கென்ன பயமா? ஆனா கடை? நிக்க முடியாதவரு எப்படிக் கடை நடத்துவாரு?"

"சும்மா இரு லம்துவன்" என்றார் அப்பா. "இன்னும் நிறுத்தலை."

அன்றைய வகுப்பில் நடந்த ஒன்று எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று பாடம் டெர்பீன்கள். செடிக்கு வாசனை தரும் பொருள்கள். டீச்சர் வாசனை ஏற்றிய காகிதத் துண்டுகளைச் சுற்றுக்கு விட்டார். ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் பைன் மரம், ஒன்றில் பழுத்த மாம்பழம். அப்பா ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்சம் காத்திருந்தார். பக்கத்தில் சாலீ அத்தை "மாம்பழம்" என்ற பிறகுதான் "ஆமா, மாம்பழம்" என்றார். மூன்று முறையும் அப்படியே. அத்தை மூன்றாவதைத் தப்பாகச் சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார்.

நடுக்குவாதம் பலருக்குக் கை நடுங்குவதற்கு முன்பே மூக்கை எடுத்துக்கொண்டுவிடும். நான் படித்திருக்கிறேன். படித்ததை என் வீட்டுப் பானையோடு சேர்த்துப் பார்த்ததில்லை. மூக்கால் சமைத்த மனிதர் என் அப்பா. பட்டை போதுமா, சித்தரத்தை கூடிவிட்டதா, எல்லாம் மூடியைத் திறந்து ஆவியில் முகம் காட்டித்தான் தெரிந்துகொள்வார். எப்போதிலிருந்து அவருக்கு வாசனை இல்லை? எங்களிடம் ஏன் சொல்லவில்லை? கேட்க எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை பானையருகே நின்று பார்த்தேன். எலும்பு, எலுமிச்சைப் புல், அன்னாசிப்பூ. கடைசியாக, பின்வாசல் தொட்டியிலிருந்து பறித்த கஞ்சா இலைகள். அது புதிதில்லை. தாத்தா காலத்திலிருந்து இலை போடுவதுண்டு. சட்டம் இறுகியிருந்த காலத்தில் ஒளித்து ஒன்றிரண்டு. சட்டம் தளர்ந்த அந்த வருஷம் தெருவில் எல்லா வீட்டுத் தொட்டியிலும் செடி நின்றது. எங்களுக்கு அது துளசி மாதிரி, உப்பு மாதிரி. குழம்புக்கு ருசி கூட்டும் என்பார்கள். யாரும் அதை மருந்து என்றோ போதை என்றோ நினைத்ததில்லை.

அப்பா நான்கு இலை போட்டார். ஆவியில் முகம் வைத்தார். காத்திருந்தார். இன்னொரு கைப்பிடி போட்டார். மறுபடி முகம் வைத்தார். மறுபடி கிள்ளப் போனார்.

கடை மூடும் நேரத்தில் அவர் சாப்பாடு எப்போதும் ஒன்றுதான். நாள் முழுக்கக் கொதித்த பானையின் மேலே பன்றிக் கொழுப்பு தடிமனாக மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்துச் சூடான சோற்றில் ஊற்றி, வறுத்த பூண்டைத் தூவிச் சாப்பிடுவார். வாடிக்கையாளருக்குக் கீழேயுள்ள தெளிந்த சாறு. மேலே மிதப்பது சமைத்தவருக்கு. அது கடையின் சட்டம்.

வியாழக்கிழமை அஷ்டமி, வான் ப்ரா என்னும் பௌத்தப் புனித நாள். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி நாட்களில் எங்கள் ஊரில் பன்றி வெட்ட மாட்டார்கள். பன்றி இல்லாமல் கடை இல்லை. அப்பா விகாரைக்குப் போய்வந்து, மதியம் மீனும் சோறும் சாப்பிட்டு, மாலை கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி நடந்து சீட்டாடப் போனார். தலைசுற்றல் இல்லை. போன வான் ப்ரா நாளிலும் இல்லை. அதற்கு முந்தையதிலும் இல்லை என்றாள் அம்மா. "புண்ணிய நாள், அதான்" என்றாள்.

புண்ணியம் இல்லை. பச்சை இலையில் தம்பி தூங்குகிறான். அமில வடிவில் இருக்கிறான், போதை தர மாட்டான். நெருப்புதான் அவனை எழுப்பும். எழுந்தவன் தண்ணீரில் கரைய மாட்டான், கொழுப்பில் ஏறி உட்காருவான். கடை இல்லாத நாளில் அப்பாவின் சோற்றில் அந்தக் கொழுப்பும் இல்லை. இவை எல்லாமே வகுப்பில் படித்தவைதான். முன் பெஞ்சில் இருந்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அப்பா" என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். "என்ன ஃபாய்?" என்று அவர் திரும்பும்போது "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் மறுபடி சரிந்தார். அம்மா பின்னால் இருந்ததால் தாங்கிப் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லாதீங்க ரெண்டு பேரும்" என்றார், தரையில் உட்கார்ந்தபடியே. "இந்த எண்ணெய் போச்சுன்னா நான் போனேன்." அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

செவ்வாய் வந்தது. வகுப்பு முடிந்து டாக்டர் கூப்பிடுவார். அன்று புதிதாக ஒரு இளம்பெண், வலிப்பு வரும் குழந்தையோடு. டீச்சர் பழைய பாடத்தை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வழக்கம்போல, "கேள்வி இருக்கா?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். என் கை என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"அட, சுவத்துப் பல்லி வாய் திறக்குது!" என்றார் சாலீ அத்தை. எல்லோரும் திரும்பினார்கள். என் காதுகள் எரிந்தன.

"டீச்சர்... இலையைக் குழம்புல போட்டா... தம்பி முழிச்சுக்குவானா?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா எழுந்தார். மகள் முதல்முறை பேசிவிட்டாள் என்ற பெருமை முகத்தில் வழிந்தது. புதிய பெண்ணுக்கும் சேர்த்து விளக்கினார்.

"பச்சையா மென்னா ஒண்ணும் ஆகாதும்மா. தூங்கறான். சூடு படணும். சும்மா வதக்கினா அரைத் தூக்கம். நாள் பூரா கொதிச்சா முழுசா எந்திரிச்சுடுவான். ஆனா சாறு குடிக்கறவனுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காது. தண்ணி அவனுக்கு ஆகாது. எண்ணெய்ல தான் ஏறுவான். குழம்புக்கு மேல மிதக்கும் பாரு கொழுப்பு, அதுல போய்..."

பேச்சு அங்கேயே நின்றது.

வலது கை ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அதுல போய் என்ன அண்ணே?" என்றார் சாலீ அத்தை. "தம்பி நீச்சல் அடிக்கறானா?"

"ஆமா" என்றார் அப்பா மெதுவாக. "அதுல தான் இருக்கான். அதைத் தின்னா வயித்து வழியா போவான். நாக்குக்கு அடியில விடற துளி மாதிரி இல்லை. லேட்டா வருவான், வந்தா சீக்கிரம் போக மாட்டான்." உட்கார்ந்தார்.

டாக்டர் அறைக்குள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடித்த பிடி.

"எப்படி இருக்கீங்க? தலை சுத்துச்சா?"

அப்பாவின் கை காது மடலுக்குப் போனது. பாதியில் கீழே இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை விழுந்தேன் டாக்டர்." கொஞ்சம் மூச்சு விட்டார். "நீங்க வேற ஏதாவது எடுத்துக்கறீங்களான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். பொய் சொல்லலை. இலை எங்களுக்கு மருந்து இல்லை, சாப்பாடு. பானையில போடறேன். கொழுப்பைச் சோத்துல ஊத்தித் தின்றேன். தினமும்."

டாக்டர் பேனாவை வைத்தார். "எவ்வளவு இலை?"

"எங்கப்பா நாலு போடுவாரு. நான் எவ்வளவு போடறேன்னு எனக்கே தெரியாது." அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "வாசனை வர்ற வரைக்கும் போடுவேன். வாசனை வர்றதே இல்லை. ரெண்டு வருஷமா எனக்கு எந்த வாசனையும் வர்றதில்லை."

டாக்டர் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க எண்ணெயை என்னால அளக்க முடியும் ஐயா" என்றார் டாக்டர் கடைசியில். "உங்க பானையை அளக்க முடியாது. இலையை நிறுத்திட்டு வாங்க. எண்ணெயை நான் இப்ப நிறுத்தலை. பழைய குறைஞ்ச அளவுலேருந்து மறுபடி மெல்ல ஏத்திப் பார்ப்போம்."

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். நெடுநேரம் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருஷமா என் தலையில என்ன எண்ணெய் வச்சிருக்கேன்னுகூட உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாது."

"நான் மாத்தி ஒரு வருஷம் ஆச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லலையேன்னு கோவமா இருந்தேன்." பூண்டைத் தட்டில் போட்டாள். "சரி, அந்தக் கோவம் முடிஞ்சுது."

மறுநாள் பானையில் இலை இல்லை. அப்பா எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பழக்கத்தில் பின்வாசல் வரை போய், தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கரண்டியில் சாறு எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"ஏதோ குறையுது."

"என்ன குறையுது?"

"சொல்லத் தெரியலை அப்பா."

"நல்லாத்தான் இருக்கு, அவளுக்கு என்ன தெரியும்" என்றாள் அம்மா உள்ளிருந்து, ருசி பார்க்காமலே.

"குறையட்டும்" என்றார் அப்பா. உப்பைத் தொடவில்லை, சித்தரத்தையைத் தொடவில்லை. மூடியை வைத்தார்.

மதியம் தபால்காரர் பெர்ம் வந்தார். எங்கள் கிண்ணங்கள் சிறியவை. தின்ற கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது வழக்கம். பெர்மின் அடுக்கு எப்போதும் அவர் மூக்குவரை வரும். அன்று நெஞ்சுவரை வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, வயிறு சரியில்லையா?" என்றாள் அம்மா.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு என்னவோ, போதும்னு தோணுது." அடுக்கைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். "வயசாகுது போல."

அப்பா பானைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. பசி எடுக்க வைப்பது தம்பியின் வேலை என்று வகுப்பில் படித்தவர் அவர். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. பிறகு வந்த மாதங்களில் எல்லோருடைய அடுக்கும் கொஞ்சம் தாழ்ந்தது. எங்கள் வருமானமும்தான். அவர் இலையைத் திரும்பப் போடவில்லை.

கடையை மூடினோம். அப்பா கொழுப்பை வழித்துச் சோற்றில் ஊற்றி, பூண்டு தூவி, மெதுவாகச் சாப்பிட்டார். முடித்துவிட்டுக் கால்வாயைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். படகுகள் போயின. வெயில் தண்ணீரிலிருந்து சுவருக்கு ஏறியது. வழக்கமாக அவர் எழுந்து சரியும் நேரம் வந்தது.

அம்மா ஒரு மேஜையைத் துடைத்தாள். நான் பக்கத்து மேஜையைத் துடைத்தேன். இருவரும் அவர் முதுகுக்கு எட்டும் தூரத்தில் இருந்தோம்.

அப்பா இரண்டு கைகளையும் தொடையில் வைத்தார். எழுந்தார். கொஞ்சம் நின்றார். முகம் வெளுக்கவில்லை. கை மட்டும் வழக்கம்போல ஆடியது. பானையின் காதுகளைப் பிடித்து, அதைக் கழுவ எடுத்துக்கொண்டு நடந்தார். கதவருகே நின்று திரும்பினார்.

"ரெண்டு பேரும் எதுக்கு ஒரே இடத்தையே தேய்க்கறீங்க? அங்கே பாதி மேஜை அப்படியே கிடக்கு."